தலையில் பிறந்தவர் யார்? காலில் பிறந்தவர் யார்?

(சோளிங்கரில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், மனித உடம்பு எதிலிருந்து, எப்படி உண்டாகிறது என்பதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு, "இது டாக்டர் படிப்புப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய சங்கதியாயிற்றே, சோளிங்கர் கடைத்தெருவில் இதற்கு என்ன வேலை?" என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் சற்று யோசித்துப் பார்த்தபோது, இதைவிடக் கடைத்தெருவில் பேச வேண்டிய விஷயம் வேறு இல்லையென்று பட்டது. ஏனெனில், இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லப்பட்டு வந்ததனாலேயே நம் நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் ஈனப்பிறவிகளாக நடத்தப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தப்பான பதிலினாலேயே குழந்தை பெற்ற தாய்மார்கள் பழி சுமந்திருக்கிறார்கள். ஆகவே சரியான பதில் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டியது நம் எல்லோருடைய கடமையாகும்.

முதலில் பழைய பதிலைப் பார்ப்போம். புருஷ சூக்தம் என்னும் வேதப் பகுதியிலும், பிறகு மனுதர்மத்திலும், முகத்திலிருந்து ஒரு கூட்டமும், தோளிலிருந்து ஒரு கூட்டமும், தொடையிலிருந்து ஒரு கூட்டமும், காலிலிருந்து ஒரு கூட்டமும் பிறந்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்தாவதாக ஒரு கூட்டத்தை வைத்தார்களே, அவர்களுக்கு அந்த உடம்பில் கால் விரல் நகத்தளவு இடம்கூடக் கொடுக்கவில்லை. தோலைத் தொட்டு வேலை செய்கிறவன் அந்த ஐந்தாவது கூட்டத்தில் தள்ளப்பட்டான். அவன் செய்த செருப்பு வீட்டு வாசல் வரையில் வரலாம். அவன் வரக்கூடாது என்றார்கள்.

தோழர்களே! இதற்கு மறுப்பாக நான் கோபமாகப் பேசப் போவதில்லை. ஒரு கருவை எடுத்து, நாள் கணக்கு வைத்து, முகம் எப்போது வருகிறது, தோள் எப்போது வருகிறது, கால் எப்போது வருகிறது என்று பார்த்துவிடுவோம். அதுவே போதும்.

தாயின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஊசிமுனையால் காகிதத்தில் வைத்த புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனின் விந்தணு அதைவிட எவ்வளவோ சிறியது. பூதக்கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 என்று மொத்தம் 46 குரோமோசோம்கள் சேர்ந்து ஒரே உயிரணு ஆகிறது. பழைய சுசுருதர் நூலில் எலும்பு, பல், நகம், மயிர் முதலிய கடினமானவை தகப்பனிடமிருந்தும், சதை, இரத்தம், கொழுப்பு முதலிய மெதுவானவை தாயிடமிருந்தும் வருகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இல்லாத காலத்தில் யோசித்துச் சொன்னதற்காக அவர்களை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை. ஆனால் அது சரியல்ல. உங்கள் எலும்பின் ஒவ்வொரு அணுவிலும் தாய் பாதி, தகப்பன் பாதி இருக்கிறார்கள். சதையிலும் அப்படியே.

அந்த ஓர் அணு இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது, நாலு எட்டாகிறது. ஐந்தாறு நாளில் உள்ளே கூடான ஒரு சிறு உருண்டையாகிறது. பிறகு கர்ப்பப்பையின் சுவரில் போய் ஒட்டிப் புதைந்து கொள்கிறது. இரண்டாவது வாரம் முடியும்போது அந்த உருண்டைக்குள்ளே, பின்னால் மனிதனாகப் போகிற பாகம் எப்படி இருக்கிறது? ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தகடு; வட்டமாக, தோசை போல, ஆனால் ஒரு கடுகின் அகலத்தைக்கூடத் தாண்டாத தோசை. அவ்வளவுதான்!

மூன்றாவது வாரத்தில்தான் முக்கியமான காரியம் நடக்கிறது. மேல் தகட்டின் நடுவே, ஒரு முனையிலிருந்து, ஒரு சிறு வாய்க்கால் போன்ற கோடு விழுகிறது. மேல் தகட்டிலுள்ள அணுக்கள் அந்தக் கோட்டுக்கு வந்து, அதன் வழியாகக் கீழே இறங்குகின்றன. முதலில் இறங்கியவை பழைய அடித்தகட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அது உட்படலம். அடுத்து இறங்கியவை நடுவே பரவுகின்றன. அது நடுப்படலம். இறங்காமல் மேலேயே நின்றவை புறப்படலம். இந்த மூன்று படலங்களிலிருந்துதான் நம் உடம்பின் எல்லாத் திசுக்களும் உண்டாகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மூன்றும் மூன்று ஜாதியல்ல. மூன்றுமே அந்த ஒரே மேல் தகட்டிலிருந்து வந்தவை.

இப்பொழுது நான் கேட்கிறேன்: இந்த மூன்றாம் வாரத்தில் முகம் எங்கே? தோள் எங்கே? தொடை எங்கே? கால் எங்கே? ஒன்றுமே இல்லை! வாய் திறப்பதே நான்காம் வாரத்தில். கைகள் அந்த வாரத்தின் கடைசியில், உடம்பின் பக்கத்தில் சிறு மொட்டு மாதிரி எழும்புகின்றன. அதற்கு இரண்டொரு நாள் கழித்துக் கால்கள் எழும்புகின்றன. மடாதிபதிக்கும் இப்படித்தான், மண்வெட்டி பிடிப்பவருக்கும் இப்படித்தான். காலே இல்லாத காலத்தில் மூன்று படலமும் முடிந்து போயிருக்க, காலிலிருந்து ஒருவன் பிறப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தப் படலத்திலிருந்து எது வருகிறதென்பதைச் சொல்கிறேன். உட்படலத்திலிருந்து குடலின் உட்பூச்சு, மூச்சுக்குழல், நுரையீரல் இவற்றின் உட்பூச்சு, கல்லீரல், கணையம், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி முதலியன. நடுப்படலத்திலிருந்து எலும்பு, சதை, இருதயம், இரத்தம், இரத்தக் குழாய், மூத்திரப்பை அல்ல, சிறுநீரகம், கர்ப்பப்பை முதலியன. புறப்படலத்திலிருந்து தோலின் மேற்பூச்சு, மயிர், நகம், வியர்வைச் சுரப்பி, பல்லின் வெள்ளைப் பூச்சு, இவை வருவது ஆச்சரியமல்ல; வெளியே இருப்பது வெளியிலிருந்து வருகிறது. ஆனால் அதே புறப்படலத்திலிருந்துதான் மூளையும், முதுகுத் தண்டும், கண்ணின் ஒளித்திரையும் வருகின்றன!

அது எப்படியென்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் பீடி சுற்றுகிறவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கும். புறப்படலத்தின் நடுவே ஒரு நீளப் பகுதி கொஞ்சம் தடிக்கிறது. அதன் இரு கரைகளும் மேலே எழும்பி, பீடி இலை சுருள்வது போலச் சுருண்டு, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டு, ஒரு குழாயாகிறது. அந்தக் குழாய் மேல் தோலுக்கு அடியில் அமிழ்ந்துவிடுகிறது. அதன் முன்முனை ஊதி மூளையாகிறது. மற்றது முதுகுத் தண்டாகிறது. ஆகவே மூளை என்பது உள்ளே மடிந்துபோன தோலின் உடன்பிறப்பே ஆகும். தலைக்குள்ளே இருக்கும் மூளையும், பாதத்தின் அடியில் வெடித்துக் கிடக்கும் மேல்தோலும் ஒரே தகட்டின் பிள்ளைகள். இனி யாராவது, "நான் தலை, நீ கால்" என்று சொன்னால், "ஐயா, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே" என்று நீங்கள் மரியாதையாகவே பதில் சொல்லலாம்.

இங்கே வந்திருக்கும் தோழர்களில் பலர் இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்கள் என்று அறிகிறேன். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதுவே பிழைப்பு. டாக்டர் மாணவனுக்குப் படத்தில் காட்டுவதை நீங்கள் தினமும் கையால் செய்கிறீர்கள். உப்புப் போட்ட பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்பில் போடுகிறீர்கள். மயிர் கழன்று கொள்கிறது. மயிரோடுகூட மெல்லிய மேல்தோலும் போய்விடுகிறது. போனது எது? புறப்படலம் கொடுத்தது. பிறகு தோலைத் திருப்பிப் போட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்து எறிகிறீர்கள். மேலே போனது போக, கீழே போனது போக, நடுவே மிஞ்சி நிற்கும் அடித்தோல் இருக்கிறதே, அதுதான் ஆவாரம்பட்டையிலோ, கடுக்காயிலோ, குரோம் உப்பிலோ பதப்பட்டுத் தோலாகிறது. அந்த அடித்தோலில் மிகப் பெரும்பகுதி நடுப்படலத்தின் வேலை. பார்ப்பதற்கு ஒன்றாக இருக்கும் தோல், பிறப்பினால் இரண்டு. இதை உலகத்துக்குப் பேராசிரியர்கள் சொல்வதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முந்தியே, ஒன்று கழன்று போகும், ஒன்று நிற்கும் என்பதைத் தோல் பதனிடுகிறவனின் கை அறிந்திருந்தது. அந்தக் கையைத்தான் தீண்டக்கூடாத கை என்றார்கள்!

அந்த அடித்தோலின் நார் எதனாலானது? அதற்குக் கொலாஜன் என்று பெயர். மூன்று இழைகள் கயிறு போல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட பொருள் அது. இந்த அமைப்பைக் கண்டு சொன்னவர்கள் வெள்ளைக்கார தேசத்தில் இருந்தவர்கள் அல்ல. சென்னைப் பல்கலைக் கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் அதை வெளியிட்டார்கள். அதே சென்னையில்தான் 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. கொலாஜன் மாட்டுத் தோலில் மட்டும் இருப்பதல்ல. உங்கள் எலும்பில், தசைநாரில், இரத்தக் குழாயில், தோலில் எங்கும் இருப்பது அதுதான். உடம்பிலுள்ள புரதங்களுக்குள் அதிகமானது அதுவே. அதை அழுகாமல் நிலைக்கச் செய்வதுதான் தோல் பதனிடுதல். செத்த மாட்டின் கொலாஜனைத் தொட்டால் தீட்டு என்கிறவர், தம்முடைய கொலாஜனை எங்கே கழற்றி வைத்துவிட்டு வருவார்?

இனி, இந்த அறிவு எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். ஐரோப்பாவிலும் இருட்டு இருந்தது. விந்தணுவுக்குள்ளேயே ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் படித்தவர்கள் நினைத்தார்கள். 1694-இல் ஹார்ட்சூக்கர் என்பவர் படமே போட்டார். 1759-இல் வோல்ஃப் என்பவர், "அப்படி ஒன்றும் இல்லை, உறுப்புகள் ஒவ்வொன்றாகப் புதிதாக உண்டாகின்றன" என்று கோழி முட்டையைக் காட்டிச் சொன்னார். 1817-இல் பாண்டர் என்பவர் கோழிக் கருவில் படலங்களைக் கண்டார். அவருடைய நண்பர் பேயர், முதுகெலும்புள்ள மற்ற பிராணிகளிலும் அப்படியே என்று 1828-இல் காட்டினார். பிறகு பெர்லினில் ராபர்ட் ரீமாக் என்பவர், பூதக்கண்ணாடியால் அணு அணுவாகப் பார்த்து, படலங்கள் மூன்றே என்றும், எந்தப் படலத்திலிருந்து எந்தத் திசு வருகிறது என்றும் 1850-களில் தெளிவாக்கினார்.

இந்த ரீமாக் யூதர். யூதர் என்பதற்காக அக்காலத்துப் பிரஷ்யாவில் அவருக்குப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டு வந்தது. மதம் மாறினால் வழி திறக்கும், அவர் மாறவில்லை. எல்லா உடம்பும் மூன்று படலத்தில் ஒன்றே என்று உலகத்துக்குக் காட்டிய மனிதனை, "நீ வேறு பிறப்பு" என்று வாசலில் நிறுத்தினார்கள். பிறப்புப் பேசும் பைத்தியம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கு இது போதும்.

ஜெர்மனியில் ஷ்பேமான் என்பவர் செய்த ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். நீரிலும் நிலத்திலும் வாழும் நியூட் என்னும் சிறு பிராணியின் இளங்கருவில், வயிற்றுத் தோலாகப் போகிற ஒரு துண்டை வெட்டி, இன்னொரு கருவில் மூளை உண்டாகிற இடத்தில் வைத்தார். அது தோலாகவில்லை, மூளையாயிற்று! ஆனால் காலம் கடந்து எடுத்து வைத்தால், அது தோலாகவே நின்றுவிட்டது. அவருடன் வேலை செய்த ஹில்டே மாங்கோல்டு என்னும் பெண்மணியும் அவரும் 1924-இல் வெளியிட்ட சோதனை இன்னும் பெரியது. அக்கம்பக்கத்து அணுக்களுக்கு ஏவல் கொடுத்து இரண்டாவது உடம்பையே எழுப்பும் பாகம் ஒன்று கருவில் உண்டு என்று அதில் காட்டினார்கள். 1935-இல் ஷ்பேமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுவுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் உண்டு. இதை ஓர் உவமையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தக்க காலத்தில் தக்க இடம் கிடைத்தால், தோலாக வேண்டியதும் மூளையாகிறது. தோல் ஷாப்புத் தொழிலாளியின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல வேண்டும்?

தாய்மார்களே! இப்பொழுது உங்களுக்கு.

என் சிற்றன்னைக்கு உதடு பிளந்த ஆண் குழந்தை பிறந்தது. "கிரகணத்தன்று காய் அரிந்தாயா? வெளியே போனாயா?" என்று வீட்டாரே கேட்டார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு, கடைசியில் தான் ஏதோ செய்துவிட்டதாக அவளே நம்பிவிட்டாள். அந்தப் பழியோடுதான் அவள் செத்தாள். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணம் வந்தபோதும், எத்தனையோ கர்ப்பிணிகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உண்மை என்ன? முகம் தனித்தனிப் பகுதிகளாக வளர்ந்து வந்து, நடுவிலே சந்தித்து ஒட்டுகிறது. மேல் உதடு ஒட்டி முடிவது கருவின் ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் ஒட்டுவது பன்னிரண்டாம் வாரத்துக்குள். ஏதோ காரணத்தால் ஒட்டாமல் போனால் பிளவு நிற்கிறது. வம்சத்திலிருந்து வரும் காரணம் உண்டு. தாய் புகையிலைப் புகைக்கு ஆளாவது, சில மருந்துகள் சாப்பிடுவது முதலிய காரணங்களும் உண்டு. கிரகணம் வருஷத்தில் சில நாள் சில மணி நேரம் வருகிறது. உதடு பிளந்த குழந்தையோ, சுமார் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில், கிரகணம் பார்க்காத தேசத்திலும் தினந்தோறும் பிறக்கிறது. ஆறேழு மாதக் கர்ப்பிணியைக் கிரகணத்தன்று பூட்டி வைக்கிறீர்களே, அவள் வயிற்றுக் குழந்தையின் உதடு ஒட்டி முடிந்து நாலைந்து மாதம் ஆகிவிட்டதே! நிழல் வந்து அதை மறுபடி கிழிக்குமா?

பரிகாரம் வேண்டாம், வைத்தியம் உண்டு. உதட்டைச் சில மாதக் குழந்தையிலேயே தைத்துவிடலாம். அண்ணத்தை ஒரு வயதை ஒட்டிச் சரிசெய்யலாம். 2013 முதல் அரசாங்கத்தின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

வருமுன் காக்கக்கூடியதும் ஒன்று உண்டு. பீடி போலச் சுருளும் குழாய் என்றேனே, அது கரு தரித்த இருபத்தெட்டாம் நாளுக்குள் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகு பிளந்தோ மண்டை மூடாமலோ பிறக்கிறது. இருபத்தெட்டாம் நாள் என்றால், மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம். பல பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வருகிறது! போலிக் அமிலம் என்னும் வைட்டமின் மாத்திரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிட்டு வந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. முன்பு இப்படிப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார்களிடம் இங்கிலாந்தில் தொடங்கி ஏழு தேசங்களில் நடந்த சோதனையில், இதே மாத்திரையைக் கூடுதல் அளவில் கொடுத்தபோது, நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு தடுக்கப்பட்டதாக 1991-இல் தெரிந்தது. அப்படிப்பட்ட தாய்மார்கள் அளவை டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும். ஆகவே, கல்யாணமான பெண்ணுக்குச் சீமந்தத்தன்று வளையல் போடுவது இருக்கட்டும். அதற்கு எட்டு மாதம் முன்னால் இந்தச் சிறு மாத்திரையை வாங்கிக் கொடுங்கள். வளையல் குழாயை மூடாது. மாத்திரை மூட உதவும்.

இந்த ஊர் மலைக்கு, பேய் பிடித்ததென்றும் சித்தம் கலங்கியதென்றும் சொல்லி வெளியூர்களிலிருந்து எத்தனையோ பேரை அழைத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். மூளையும் தோலும் ஒரு தகட்டின் பிள்ளைகள் என்றேன். தோலில் சிரங்கு வந்தால் பேய் என்கிறோமா? மருந்து போடுகிறோம். மூளைக்கு நோய் வந்தாலும் அப்படியே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைக் கட்டிவைப்பதும் அடிப்பதும் கூடாது.

தோழர்களே! நான் சொன்னதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். அடைவைத்த கோழி முட்டையில் மூன்றாம் நாள் ஒன்றை எடுத்து, தட்டில் மெதுவாக உடைத்துப் பாருங்கள். மஞ்சள்கருவின்மேல் இரத்த நரம்புகள் பின்னிய வலையும், நடுவே துடிக்கும் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும். சிறகும் இராது; அலகும் இராது; கொண்டையும் இராது. ஆனால் இருதயம் துடித்துக்கொண்டிருக்கும். நீங்களும் நானும், கோயில் குருக்களும், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், பாதிரியாரும், தோல் ஷாப்பு முதலாளியும், சுண்ணாம்புக் குழியில் நிற்கும் தொழிலாளியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். முகமுமில்லாமல், காலுமில்லாமல், துடித்துக்கொண்டு மட்டும் இருந்தோம். அன்றைக்கு நம்மைப் பார்த்து எவராலும் ஜாதி சொல்லியிருக்க முடியாது. பிறந்த பிறகு எவன் சொன்னாலும் அது பிறப்பில் இருந்ததல்ல. வெளியிலிருந்து ஒட்டப்பட்டதே ஆகும். ஒட்டப்பட்டதை வழித்து எறிவது எப்படியென்று இந்த ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.